கைப்பேசியைக் கவிழ்த்து வைத்த அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

எங்கள் தெருக்காரர்களுக்கும், மகளிர் குழுச் சகோதரிகளுக்கும், என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் என் கைப்பேசியில் இருந்த 43 எண்களுக்கு ஒரு படம் போனது. முகம் என்னுடையது; உடம்பு யாருடையதோ. கீழே 'திருடி' என்று எழுதியிருந்தது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கடன் செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கேட்டிருந்தேன். கைக்கு வந்தது 3,100. ஏழாம் நாளே 5,000 கட்டி முடித்தேன். 'பணம் வரவில்லை, இன்னும் 8,000 கட்டு' என்றார்கள் செயலிக்காரர்கள். மறுத்ததற்குத்தான் அந்தப் படம்.

மளிகைக்கடை அண்ணன் அன்று கடையைத் திறக்கும் முன்பே வந்துவிட்டார். கைப்பேசியைத் தையல் மேசையில் கவிழ்த்து வைத்தார். "யாரோ அயோக்கியன் செய்த வேலை, தங்கச்சி. நான் யாருக்கும் அனுப்பவில்லை. போலீசில் காட்ட வேண்டியிருக்கும் என்றுதான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். என்றைக்கும் பார்க்கிற அதே பார்வை. அண்ணா, அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். "இது நம் வீட்டுச் சீமந்தத்தில் எடுத்த முகம். இந்தக் கனகாம்பரத்தை வைத்துவிட்டவளே நான்தான். யாரிடம் கதை விடுகிறார்கள்?" என்றார். பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அவரே பேசினார். அத்தை, என் தாய் இருந்திருந்தாலும் இதற்கு மேல் செய்திருக்க மாட்டார்.

தோட்டை அடகு வைத்து அந்த 8,000-ஐக் கட்டிவிடலாம் என்று கிளம்பியவளைத் தடுத்து நிறுத்தியவன் என் தம்பி. ஒரு தடவை பயந்து கொடுத்தால் விடவே மாட்டார்கள் என்றான். சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அவனே பேசினான். செயலி அனுமதி கேட்டபோது யோசிக்காமல் சம்மதம் கொடுத்தது என் குற்றம்தானே என்று அழுதேன். கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லியிருப்பதை எடுத்துப் படித்துக் காட்டினான். அன்றிரவுதான் தூங்கினேன்.

மாவட்ட சைபர் குற்றப் பிரிவின் பெண் உதவி ஆய்வாளர் அவர்களுக்கு: படத்தைப் பார்ப்பதற்கு முன் அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பினீர்கள். 'ஏன் கடன் வாங்கினாய்?' என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அனுப்பியவரின் எண், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்த பிறகுதான் எண்ணை முடக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். இப்படிப்பட்ட படங்கள் குறித்துப் புகார் வந்தால் சமூக ஊடக நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்பது அப்போது நடைமுறையில் இருந்த 2021-ஆம் ஆண்டின் விதி என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

பிரவுசிங் சென்டர் தங்கையே, தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் நான் சொல்லச்சொல்ல என் வார்த்தையிலேயே தட்டச்சு செய்தாய். சம்மதமில்லாமல் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் 'ஸ்டாப் என்சிஐஐ' தளத்தைக் காட்டியதும் நீதான். படம் என் கைப்பேசியை விட்டு வெளியே போகாது, கைரேகை போல ஓர் எண்தான் போகும், அதை வைத்து ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அந்தப் படத்தைத் தடுத்துவிடும் என்று விளக்கினாய். நான் நீட்டிய நூறு ரூபாயை வாங்க மறுத்துவிட்டாய்.

அந்த 43 பேரில் ஆறேழு பேர் யாரென்றே எனக்கு நினைவில்லை. எப்போதோ ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வெளியூர் போனவர்களாக இருக்க வேண்டும். நீங்களும் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. உங்கள் அளவு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. ஊருக்கு வந்தால் கடைக்கு வாருங்கள். அடுத்த ரவிக்கையை நான் கூலி வாங்காமல் தைத்துத் தருகிறேன்.

கண்ணீரோடும் அன்போடும்,
உங்கள் தையற்கடைக்காரி