பூனை வீட்டுக்கு ஆகாத லில்லி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் வீட்டுக்குள் செடி வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் எல்லாம் அழகு. ஆனால் ஒரு படத்தில் கண்ணாடி ஜாடி நிறைய இளஞ்சிவப்பு லில்லி, அதற்குப் பக்கத்திலேயே சோபாவில் ஒரு வெள்ளைப் பூனை சுருண்டு படுத்திருக்கிற மாதிரி போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தப் படத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை இருக்கிறான். பெயர் கருப்பட்டி. இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில், அபார்ட்மென்ட்டில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு டயருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தவனை எடுத்து வந்தோம். போன தை மாதம் என் கணவர் பணி ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் பெரிய பொக்கே ஒன்று கொடுத்தார்கள், வாசனை தூக்கும் லில்லி, ஏழெட்டுத் தண்டு. நானும் ஆசையாக ஜாடியில் தண்ணீர் ஊற்றி டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் கருப்பட்டியின் நெற்றியில் குங்குமப்பூ நிறத்தில் ஒரு தீற்றல். பொட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று சிரித்து, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் வேறு போட்டேன். அவன் பாட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து முன்னங்காலை நக்குவதும் அதால் முகத்தைத் துடைப்பதுமாக அந்தப் பொட்டைச் சுத்தமாக அழித்துவிட்டான். அழித்தது எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மதியம் வாந்தி. பூனை வாந்தி எடுப்பது ஒன்றும் புதிதில்லை, முடி உருண்டையாக இருக்கும் என்று துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் நெத்திலி வறுக்கிற வாசனைக்குக்கூட வெளியே வரவில்லை, வாயோரம் எச்சில் ஒழுகியது. அருகில் இருந்த கிளினிக்கில் செரிமானக் கோளாறு என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மனசு கேட்காமல் ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னொரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுக்குப் புதுசா செடி, பூ ஏதாவது வந்ததா?" என்பதுதான். நான் போனை எடுத்துக் காலையில் பிடித்த படத்தைக் காட்டினேன். பார்த்தவர் வேறு எதுவும் கேட்கவில்லை, கருப்பட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்று நாள் ட்ரிப், தினமும் ரத்தப் பரிசோதனை, கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறுகிறதா ஏறுகிறதா என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். ஏறவில்லை. பிழைத்துவிட்டான். பதினெட்டு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஏற்றினால்தான் நம்பிக்கை, அதைத் தாண்டியிருந்தால் சிறுநீரகம் திரும்பியிருக்காது என்று பிறகு சொன்னார்.

லிலியம் இனத்து லில்லிகளும், டே லில்லி என்று விற்கிறார்களே அதுவும், பூனையின் சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். இலை, இதழ், தண்டு எதுவும் விலக்கில்லை. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். முதல் நாள் வாந்தி, எச்சில், சோர்வு. நடுவில் கொஞ்சம் தேறிய மாதிரிகூட இருக்கும், அதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள், மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும். நாய் இதே பூவைத் தின்றால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பூனைக்கு மட்டும் ஏன் இப்படி, அந்த நஞ்சு எது என்று இன்றுவரை உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லையாம். மாற்று மருந்தும் கிடையாது.

இதில் பெயர்க் குழப்பம் வேறு. உங்கள் கட்டுரையில் காற்றைச் சுத்தம் செய்யும் என்று பரிந்துரைத்த பீஸ் லில்லி உண்மையில் லில்லியே இல்லை, அது சேம்புக் குடும்பம். (காற்றுச் சமாச்சாரமும் 1989-இல் நாசா மூடிய பெட்டிக்குள் வைத்துச் செய்த சோதனை, ஜன்னல் திறந்திருக்கும் நம் வீட்டுக்கு அது செல்லுமா என்பது தனிக் கதை.) பீஸ் லில்லியைக் கடித்தால் சிறுநீரகம் போகாது, ஆனால் வாய் புண்ணாகும். கருணைக்கிழங்கைப் புளி போடாமல் அவசரத்தில் வேகவைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இது புரியும். தொண்டையில் ஆயிரம் ஊசி குத்துகிற மாதிரி இருக்குமே, அது சும்மா சொல்வதில்லை, நிஜமாகவே ஊசிதான், கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பு நுண்ணிய ஊசிகளாக இந்தச் சேம்புக் குடும்பத்துச் செடிகளுக்குள் இருக்கிறது. மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா, மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், சிங்கோனியம், அதாவது நாம் வரவேற்பறையில் வரிசையாக வைத்திருக்கிற அத்தனையும் இந்தக் கூட்டம். பூனை ஒரு கடி கடித்தால் வாயைக் காலால் பிறாண்டிக்கொண்டு ஓடும், எச்சில் வடிக்கும். உயிருக்கு ஆபத்து அபூர்வம், வேதனை நிச்சயம்.

அப்புறம் பாம், அதாவது பனை என்கிற பெயர். அரிக்கா பாம் பூனைக்கு ஒன்றும் செய்யாது. நர்சரியில் அதற்குப் பக்கத்திலேயே சாகோ பாம் என்று வைத்திருப்பார்கள், சைக்கஸ் என்றும் சொல்வார்கள். அது பனைக் குடும்பமே இல்லை. அதன் எல்லாப் பாகமும், முக்கியமாக விதை, கல்லீரலைக் கெடுத்துவிடும். (சாகோ என்றதும் ஜவ்வரிசி நினைவுக்கு வந்து சேலத்துக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நம் ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) எங்கள் பக்கத்து நர்சரிக்காரரிடம் பூனை இருக்கிற வீட்டுக்கு இது ஆகுமா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, பூனை அதுவா பார்த்துக்கும்" என்கிறார். பார்த்துக்கொள்கிற லட்சணத்தைத்தான் மூன்று நாள் பார்த்தேனே! நமது மாநில மலர் செங்காந்தளுக்கும் ஆங்கிலத்தில் லில்லி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவும் இந்த லில்லி இல்லை, ஆனால் அதன் கண்வலிக்கிழங்கு மனிதனுக்கே நஞ்சு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அரளி, அடீனியம், கலஞ்சோ மூன்றும் இதயத்தைத் தாக்குபவை. அவற்றை மாடியோடு விட்டுவிடலாம்.

அதற்காகச் செடியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் இன்னும் பதினாறு தொட்டி இருக்கிறது. உயரத்தில் வைத்தால் போதும் என்று ஆரம்பத்தில் மணி பிளாண்ட்டை பீரோ மேல் ஏற்றினேன், இரண்டாவது நாள் கருப்பட்டி பீரோ மேலே இருந்தான், கொடி கீழே இருந்தது. அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன், அவள் வீட்டில் மீன் தொட்டிதான் இருக்கிறது. இப்போது உள்ளே இருப்பதெல்லாம் ஸ்பைடர் பிளாண்ட், அரிக்கா, கலாத்தியா, பாஸ்டன் ஃபெர்ன். கடித்தாலும் செடிக்குத்தான் நஷ்டம். மண்ணைத் தோண்டி அசிங்கம் செய்வதற்கு, தொட்டி மேல் கைப்பிடி அளவுக் கூழாங்கல்லை நெருக்கமாகப் பரப்பினேன், காலுக்கு உறுத்தியதும் விட்டுவிட்டான். பாச்சை உருண்டை போடுங்கள், மிளகாய்த்தூள் தூவுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பாச்சை உருண்டை பூனைக்கு இன்னொரு விஷம், மிளகாய்த்தூள் காலில் ஒட்டிக் கண்ணுக்குப் போகும். எலும்புத்தூள் உரம் போட்டால் பூனைக்கு விருந்து வைத்த மாதிரி, தொட்டியையே கவிழ்த்துவிடும்.

எல்லாவற்றையும்விட வேலை செய்தது கோதுமைதான். ஒரு பிடி கோதுமையை இரவு ஊறவைத்து, ஐஸ்கிரீம் டப்பாவில் மண் போட்டுத் தூவினால் ஒரு வாரத்தில் பச்சைப்பசேல் என்று விரல் நீளம் வந்துவிடும். பூனைக்குப் புல் மெல்லுகிற ஆசை பிறவியிலேயே இருக்கிறது, அதற்கென்று ஒரு டப்பா இருந்தால் மற்றதைச் சீண்டுவது குறைகிறது. கிராமத்தில் என் பாட்டி குப்பைமேனியைப் பூனைவணங்கி என்பார். வேரோடு பிடுங்கிப் போட்டால் ஊர்ப் பூனை எல்லாம் வந்து அதில் உருண்டு புரளும். இந்தப் பெயரையாவது பொருத்தமாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. பூனை எதையாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பூனைக்கு உப்பே ஆபத்து. தின்ற செடியில் ஒரு கிளையை உறையில் போட்டோ படம் எடுத்தோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள். பெயர் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை.

ஆசிரியரிடம் கேட்பது இதுதான். இனி உங்கள் இணைப்பிதழில் எந்தச் செடியைப் பற்றி எழுதினாலும் அதன் தாவரவியல் பெயரையும், பூனைக்கும் நாய்க்கும் ஆகுமா ஆகாதா என்று ஒரே ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள். போன வாரப் படத்துக்கு ஒரு திருத்தமும் வேண்டும், அந்த ஜாடியைப் பார்த்து எத்தனை பேர் பூ வாங்கக் கிளம்பியிருக்கிறார்களோ தெரியாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கருப்பட்டி மேசை மேல் ஏறி, பேனா மூடியைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். படம் வேண்டுமானால் அனுப்புகிறேன், அந்தப் பொட்டு வைத்த படமும் இன்னும் போனில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கோயம்புத்தூர்