செயலாளரின் ஆண்டறிக்கை: ஒரு சுவரும் மூன்று விலைத்தாள்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பு உறுப்பினர்களே, வணக்கம்.

கடந்த ஆண்டில் செயலவை ஒன்பது முறை கூடியது. இரண்டு முறை ஆள் சேராமல் கலைந்தது. பொங்கல் விருந்தும் இரத்த தான முகாமும் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பொருள் வழங்கலும் வழக்கம்போல் நடந்தன. விவரம் இணைப்பில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். மறைந்த இரு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டோம். இனி நான் பேச வேண்டியது பினாங்கு ஜார்ஜ்டவுனில் இருக்கும் நம் சங்கக் கட்டடத்தின் பின்சுவரைப் பற்றித்தான்.

சுவர் உதிர்வதைப் போன பொதுக்கூட்டத்திலேயே எல்லாரும் பார்த்தோம். மூன்று குத்தகையாளர்கள் விலை கொடுத்தார்கள். ஒருவர் 4,200 வெள்ளி (ரிங்கிட்), அடுத்தவர் 6,800, மூன்றாமவர் 9,500. மூன்று தாளிலும் இருந்தது ஒரே வரி: ‘பின்சுவர் பழுது பார்த்து, பூசி, வர்ணம் அடித்தல்.’ செயலவை 4,200-க்குக் கை தூக்கியது, நானும் தூக்கினேன். நாற்பது ஆண்டு கரணை பிடித்த நம் மூத்த கொத்தனார் கடைசி நாற்காலியிலிருந்து கேட்டார்: “தம்பி, எதைக் கொண்டு பூசப் போகிறார்கள்?” யாருக்கும் தெரியவில்லை. தாளிலும் இல்லை. “அப்படியானால் மூன்று பேரும் மூன்று வேறு சுவருக்கு விலை சொல்லியிருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி சுட்டது. என் வீடும் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வரிசை வீடுதான். அடிச்சுவரில் ஈரம் கண்டு சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தபோது ஒரு குத்தகையாளரை அழைத்தேன், பெயர் வேண்டாம். பழையதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டில் கெட்டியாகப் பூசி, மேலே பளபளக்கும் வர்ணம் அடித்துக் கொடுத்தார். ஆறே மாதத்தில் முழங்காலளவு இருந்த ஈரம் இடுப்பளவுக்கு ஏறிவிட்டது. வர்ணம் கொப்புளித்தது, விரல் பட்டால் உள்ளேயிருந்து உப்பு சலவைத்தூள் போலக் கொட்டியது. அவரை நான் நெடுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் அவரிடம் கேட்டது ‘நன்றாகப் பூசுங்கள்’ என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

அந்தக் காலச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. நீர் வேறு வழி தேடி மேலே ஏறுகிறது. அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே நெட்டித் தள்ளுகிறது. இதைக் கொத்தனார் ஐயா ஒரு செங்கல்லைச் சாம்பார் தட்டில் நிறுத்தி வைத்துக் காட்டினார். நாம் பசியாறி முடிப்பதற்குள் நிறம் பாதிக்கல் வரை ஏறிவிட்டது.

கட்டுமானப் பொருள்களைப் பற்றிய ஞாயிறு வகுப்பு தொடங்கியது இப்படித்தான். மாதம் ஒரு முறை, பசியாறலுக்குப் பிறகு, பின்முற்றத்தில். முதல் வகுப்புக்கு ஏழு பேர். மணல் வகுப்புக்கு இருபதுக்கு மேல் வந்தார்கள், அன்று இடியப்பம்.

மணல் வகுப்பு சிரிப்பாகத் தொடங்கியது. கண்ணாடிப் பாட்டிலில் மணலும் உப்புநீரும் விட்டுக் குலுக்கி வைத்தால், மணல் கீழே அமர்ந்து வண்டல் மேலே தனிப்படலமாக நிற்கும். அந்தப் படலம் மணலின் உயரத்தில் எட்டு சதவீதத்தைத் தாண்டினால் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது என்பது பொதுவான கணக்கு. நம் பாட்டில் ஊறுகாய்ப் பாட்டில். எண்ணெய் மிதந்து, எது வண்டல் எது மிளகாய் என்று தெரியவில்லை. இரண்டாம் பாட்டிலில்தான் சரியாக வந்தது. அதைவிட எல்லாரையும் உலுக்கியது ஈர மணல் கணக்கு. சற்றே நனைந்த மணல் காய்ந்த மணலைவிடக் கால் பங்கு வரை உப்பி நிற்கும். வாளி நிறைய ஈர மணலை எடுத்து முழுவதும் நீர் விட்டோம். மணல் கண்ணெதிரே இறங்கியது. லோரிக் கணக்கில் மணல் வாங்கி வீடு கட்டிய உறுப்பினர் ஒருவர் நெடுநேரம் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கன்கிரீட்டுக்கு, கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் கூம்பு கொண்டுவந்தார். 300 மி.மீ. உயரம், அடியில் 200, தலையில் 100. மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை நேராகத் தூக்க வேண்டும். குவியல் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் கலவையின் இளக்கத்துக்கு அளவு. முதல் கலவை 60 மி.மீ. அமுங்கி நின்றது. ‘கொஞ்சம் இளகினால் வேலை சுலபம்’ என்று நம் துணைத் தலைவர் அடுத்த கலவையில் அரை வாளி நீரைக் கூடுதலாக ஊற்றினார். கூம்பைத் தூக்கியதும் அது கஞ்சியாகப் பரவி அவர் செருப்பைத் தொட்டது. சிமெண்ட் வினைபுரிய அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நீர் போதும். வேலை ஓட வேண்டுமே என்பதற்காக 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் அளவில் விடுகிறோம். அதற்கு மேல் ஊற்றும் நீர் ஆவியாகிப் போகும்போது கன்கிரீட்டுக்குள் ஓட்டைகளை விட்டுச்செல்கிறது.

கன்கிரீட்டுக்குள் வைக்கும் இரும்புக் கம்பிக்கு ஒரு சூத்திரம் கற்றோம். இதை மட்டும் எல்லாரும் கைப்பேசியில் எழுதிக்கொண்டார்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 889 கிராம். உறுப்பினர் ஒருவர் வீட்டில் மிஞ்சிக் கிடந்த ‘பன்னிரண்டை’ ஒரு மீட்டர் அறுத்துக் கோயில் மடைப்பள்ளித் தராசில் வைத்தோம். 800 கிராம். எடை நான்கரை சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்று தரக்குறிப்பு விட்டுக்கொடுக்கிறது. இது பத்து சதவீதம் குறைவு. அவர் மாடி ஏற்கெனவே எழும்பிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று ஒரு பொறியாளரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறோம்; அது வகுப்பில் தீர்க்கும் காரியம் அல்ல.

இடையில் ஒரு நாள் நடைப்பயணம். ஃபார்க்குவார் சாலையில், கிழக்கிந்தியக் கும்பினி கைதிகளின் உழைப்பால் 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். பிறகு 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில். இந்தியக் கைதிகள் கட்டிய சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் உட்பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேர்த்தார்கள் என்றும், அதற்கு மதராஸ் சுண்ணம் என்று பெயர் என்றும் வழியில் சொன்னேன். நம் சுவருக்கு எத்தனை முட்டை ஆகும் என்று யாரோ கேட்டார்கள். பொருளாளர் முகம் வெளுத்தது.

மர வகுப்புக்கு அழைத்தவர் வரவில்லை. மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டட உபவிதிகளை ஒரே ஒரு நாள்தான் புரட்டினோம். வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், படுக்கையறை உயரம் 2.5 மீட்டருக்கும் குறையக் கூடாது என்பதைப் படித்ததுமே, அவரவர் வீட்டை அளக்கப் போய்விட்டார்கள்.

இனி சுவர். வகுப்பில் கற்றதை வைத்து ஒரு பக்கத்தில் விவரக்குறிப்பு எழுதினோம். ஒரு பங்கு சுண்ணாம்புச் சாந்துக்கு மூன்று பங்கு கழுவிய மணல். சிமெண்ட் ஒரு கரண்டிகூடக் கூடாது. மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் 10 மி.மீ. தாண்டக் கூடாது; அடுக்குகளுக்கு நடுவே குறைந்தது ஒரு வாரம்; வெயில் நேரத்தில் ஈரச் சாக்கு; மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். ‘அல்லது அதற்கு இணையான பொருள்’ என்று ஒருவர் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம், ‘சங்கம் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால்’ என்பதையும் கூடவே சேர்த்தோம். அதே மூவரிடமும் தாளைக் கொடுத்தோம். விலைகள் 7,900, 8,300, 8,600 என்று வந்தன. முன்பு 4,200 சொன்னவர்தான் இப்போது 8,300 சொன்னவர். அவர்மேல் குற்றமில்லை; முதலில் நாம் கேட்டது வேறு வேலை.

2008-இல் மலாக்காவோடு ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. நம் கட்டடம் அந்த எல்லைக்குள் இருப்பதால் அனுமதி பெற்ற பிறகே கரணை சுவரில் பட்டது. மழைக்காலத்தில் அடுக்குகள் மெல்லத்தான் காய்ந்தன. தீபாவளி விருந்தைச் சாரத்துக்கு அடியில் வைக்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன். வர்ணம் எப்போது என்று பொருளாளர் வாரம் ஒரு முறை கேட்கிறார். வர்ணம் கிடையாது என்று வாரம் ஒரு முறை பதில் சொல்கிறேன்.

பொதுக்கூட்டம் முடிந்து அறுபது நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கங்களின் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். முகவரியோ அடையாள அட்டை எண்ணோ மாறியவர்கள், நமது பதிவேட்டைத் திருத்த இன்றே என்னிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு தீர்மானம் தேவை. கன்கிரீட் வகுப்பில் 150 மி.மீ. கட்டிகள் ஆறு வார்த்தோம். ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் வலுவை அறிய ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பதாகத் திட்டம். கட்டணத்துக்குச் செயலவை ஒப்பவில்லை. இருபத்தெட்டு நாள் எப்போதோ கடந்துவிட்டது. ஆறும் கூடத்தின் வாசலில் கதவை முட்டுக் கொடுத்துக் கிடக்கின்றன. ஒன்று எட்டுக் கிலோ. இதுவரை நால்வர் காலில் இடித்துக்கொண்டார்கள், என்னையும் சேர்த்து. அவற்றை யார் எடுத்துக்கொள்வது என்று கூட்டம் முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்