வாரம் ஒரு மணி நேரம்: துறைத் தலைவர்களுக்கு ஒரு நூலகரின் திறந்த மடல்

இராமநாதபுரம் கடற்கரையோரக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். அடுத்த பருவத்துக்குக் கால அட்டவணை போட நீங்கள் உட்காருவதற்குள் இது உங்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். இந்தக் கரையில் ஒரு கல்லூரியில் நான் நூலகர்.

சென்ற பருவத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி புராஜெக்ட் வேலையாக வந்தாள். பாம்பன் பக்கத்துப் பெண். கடற்பாசி பற்றிய தலைப்பு. ஏதோ ஒரு ஏஐ செயலி எழுதிக் கொடுத்த ஐந்து கட்டுரைகளின் பட்டியலைப் போனில் காட்டினாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினோம். இரண்டு கிடைத்தன. மற்ற மூன்றும் எங்குமே இல்லை. ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ என்று ஒரு தனி இணைய அடையாள எண் உண்டு; ஒன்றின் டிஓஐ எண்ணைத் தட்டினால் சம்பந்தமே இல்லாத வேறு கட்டுரை திறந்தது. அவள் முகம் வாடிவிட்டது. ஒரு கட்டுரை நிஜமாக இருக்கிறதா என்று பார்க்கும் வழியை மூன்று வருடத்தில் நாம் யாருமே அவளுக்குச் சொல்லித் தரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேச்சு வாக்கில் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் முங்குகிறவர்.

"எந்தப் பாசிம்மா எடுப்பாங்க?"

"மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி. கட்டக்கோரையும் எடுப்பாங்க மேடம்."

இத்தனை பாசிப் பெயர்களையும் தெரிந்த பெண் தேடலில் தட்டியது என்னவோ 'சீவீட்' என்ற ஒற்றைச் சொல்லை. மரிக்கொழுந்துதான் ஜெலிடியெல்லா அசெரோசா, கஞ்சிப் பாசிதான் கிராசிலேரியா எடுலிஸ், கட்டக்கோரை என்பது சர்காசம் என்று அறிவியல் பெயர்களை எழுதிக் காட்டினேன். இந்தப் பெயர்களைப் போட்டுத் தேடியதும் கட்டுரைகள் வரிசையாக வந்தன. மன்னார் வளைகுடாவில் செய்த ஆய்வுகள், பக்கத்து மண்டபம் ஊரில் செய்த ஆய்வுகள். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் தட்டில் ஊற்றுகிறோமே அகார், அது அம்மா எடுக்கிற மாதிரிப் பாசியிலிருந்து வருவது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தக் கட்டுரைகளில் பல, காசில்லாமல் யாரும் படிக்கக்கூடியவை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கியது; 1971இல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. அதன் வெளியீடுகளை இணையக் களஞ்சியத்தில் திறந்தே வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பஸ்ஸில் தினமும் கடந்து போகிற ஊரில் விளைந்த அறிவு அது. அவர்கள் கையில் எட்டவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று, ஒரே நாடு ஒரே சந்தா. ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டி, மாணவர்கள் படிக்கத் தருகிற திட்டம்; 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள கல்வி நிறுவனங்களுக்கானது. சுயநிதிக் கல்லூரிகளுக்கு இது கிடையாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த மாணவர்களுக்குத் திறந்த களஞ்சியங்களை இன்னும் நன்றாகப் பழக்க வேண்டும். ஆனால் சந்தா இருக்கிற இடத்திலும் பூட்டைத் திறந்து வைத்துவிட்டால் மட்டும் ஆள் உள்ளே வந்துவிடுவதில்லை.

என் ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் கணினியைப் போடுவேன். உப்புக் காற்று அலமாரிக் கீலையும் விடாது, யுபிஎஸ்ஸையும் விடாது. அப்புறம் புத்தகம் கொடுப்பது, வாங்குவது, மறந்துபோன கடவுச்சொற்களை மாற்றித் தருவது. கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், முன்பு ஆங்கில எழுத்தில் ஏற்றிவைத்த தமிழ்ப் புத்தகத் தலைப்புகளைக் கோஹா என்ற நூலக மென்பொருளில் தமிழிலேயே மாற்றி ஏற்றுகிறேன். அப்படி மாற்றாத புத்தகம், தமிழில் தட்டித் தேடுகிற மாணவனுக்கு இல்லாத புத்தகம்தான். சாயங்காலம் வகுப்பு விட்டதும் தங்கச்சிமடம், பாம்பன் பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். அவர்களில் பலரை நான் நிதானமாகப் பார்ப்பதே கடைசி வருடம் நோ டியூ கையெழுத்துக்கு வரும்போதுதான்.

அதனால் கேட்கிறேன். முதல் பருவத்திலேயே, ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு மணி நேரத்தை நூலகத்துக்கு என்று அட்டவணையில் எழுதிவிடுங்கள். பாடத்தை முடிக்கவே உங்களுக்கு நேரம் போதவில்லை என்று தெரியும். விட்டுப்போன பாடத்துக்கு அந்த மணியை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். தேடுவது, தேடிக் கிடைத்ததைச் சரிபார்ப்பது, ஏஐ சொன்னதை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பது, இவற்றைத் தமிழிலேயே சொல்லித் தருகிறோம். கேட்டால் எந்தக் கல்லூரி நூலகரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.

எந்த நாள், எந்த மணி என்றாலும் எனக்குச் சரி. முதல் வகுப்புக்கு வரும்போது நோட்டோடு, வீட்டில் புழங்குகிற ஒரு மீன் பேரோ பாசிப் பேரோ வலைப் பேரோ கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதிலிருந்து தொடங்குகிறேன்.

அன்புடன்,
ஒரு கல்லூரி நூலகர்