தலைச்சாடிக்கும் ஓர் ஊர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இத்தாலியின் புகழ்பெற்ற கட்டடங்களையும் வட்டாரச் சின்னங்களையும் வடிவமாகக் கொண்ட வீட்டு அலங்காரச் சிற்பங்கள் பற்றி வெளிவந்த படக்கட்டுரையைப் படித்தேன். பிசாவின் சாய்ந்த கோபுரம், ரோமின் கொலோசியம், கிரீடம் தரித்த மனிதத் தலை வடிவிலான பூச்சாடி, பச்சை மெருகிட்ட மொட்டு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் கண்ணைக் கவரும்படி அடுக்கியிருந்தீர்கள். ஆனால் அவை அனைத்துக்கும் 'இத்தாலிய அலங்காரப் பொருள்' என்ற ஒரே விளக்கந்தான் இருந்தது. தலைச்சாடியின் கீழே மட்டும் 'அடிமையின் தலை' என்று கூடுதலாக எழுதப்பட்டிருந்தது. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் பதினான்கு ஆண்டுகளாக வாழ்பவன் நான். அதில் பெரும்பகுதியை ஒரு மட்பாண்டக் கடையில் இந்தப் பொருள்களைப் பெட்டியிலிருந்து பிரிப்பதிலும் துடைப்பதிலும் விற்பதிலுமே செலவிட்டிருக்கிறேன். அந்த உரிமையில் சில திருத்தங்களைத் தெரிவிக்கவும், ஒரு வேண்டுகோளை முன்வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தலையைப் பற்றி. 'டெஸ்தா தி மோரோ', அதாவது மூரின் (வட ஆப்பிரிக்க, அரபு இனத்தவரின்) தலை என்று அழைக்கப்படும் இந்தச் சாடிக்குப் பின்னால் பலெர்மோவின் கல்சா குடியிருப்பில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு பழங்கதை உண்டு. மாடத்தில் செடி வளர்த்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியைக் கண்டு மயங்கிய மூர் இளைஞன் ஒருவன் அவளுடைய காதலைப் பெறுகிறான். தன் நாட்டில் அவனுக்கு மனைவியும் மக்களும் இருப்பது தெரியவந்ததும், அவள் அவன் உறங்கும்போது கொன்று, தலையைச் சாடியாக்கி அதில் பேசில் எனப்படும் மணச்செடியை நடுகிறாள். அந்தச் செடி செழித்து வளர்வதைப் பார்த்துப் பொறாமை கொண்ட அக்கம்பக்கத்தார், அதே போன்ற சாடிகளைக் களிமண்ணில் செய்துதரச் சொன்னார்களாம். இன்னொரு வடிவத்தில், உயர்குடிப் பெண்ணும் அரபு இளைஞனும் மறைவாகக் காதலித்து, பிடிபட்டு, இருவரும் கொல்லப்படுகிறார்கள். இருவர் தலைகளும் மாடத்தில் வைக்கப்படுகின்றன. ஆணும் பெண்ணுமாக இச்சாடிகள் இணையாக விற்கப்படுவதற்கு இந்த இரண்டாம் கதையே பொருத்தமாக இருக்கிறது. இரண்டில் எதை ஏற்றாலும் அந்த மனிதன் காதலன், அடிமை அல்லன். 827-இல் தீவில் வந்திறங்கி, 831-இல் பலெர்மோவைக் கைப்பற்றி, 1072-இல் நார்மானியர் அந்நகரைப் பிடிக்கும்வரை அதை ஆண்ட வட ஆப்பிரிக்க, அரபு மக்களின் நினைவே அந்தப் பெயரில் இருக்கிறது. அந்த மூரின் தலையில் கிரீடமோ தலைப்பாகையோ இல்லாத சாடியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. கறுத்த தோலுடைய ஒருவன் கடையில் நின்று கறுத்த முகமுள்ள சாடியை விற்கும்போது, வாங்க வருபவர்களில் சிலர் என் முகத்தைப் பார்த்துத் தயங்குவார்கள்; இந்தப் பொருள் என்னைப் புண்படுத்துகிறதா என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். அது செய்பவரின் கையைப் பொறுத்தது என்று பதில் சொன்னேன். உதட்டையும் மூக்கையும் கேலிக்காகப் பெருக்கி வார்த்த மலிவுச் சாடிகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றை எங்கள் கடை வாங்குவதில்லை. தேர்ந்த கைவினைஞர் செய்த இணையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு கிரீடம், ஒரே அமைதியான பார்வை, ஒரே அளவு எலுமிச்சையும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் இருக்கும். அந்த முகத்துக்கு 'அடிமை' என்று பெயரிடும்போது கைவினைஞர் கொடுத்த மதிப்பை எழுத்தால் பறித்துவிடுகிறோம்.

இச்சாடிகளுக்குப் பெயர்பெற்ற சிசிலி ஊர் கல்தஜிரோனே. அந்தப் பெயரின் முதற்பகுதியே கோட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மண்பாண்டத்துக்கு மெருகிடும் நுட்பத்தைத் தீவில் பரப்பியவர்களும் அரபுக் கைவினைஞர்களே. ஊரின் நடுவில், மலைமேல் உள்ள சாந்தா மரியா தெல் மொந்தே தேவாலயத்துக்குச் செல்லும் 142 படிகள் 1606-இல் கட்டப்பட்டவை. அவற்றின் செங்குத்து முகங்களில் 1954-இல் ஓடுகள் பதிக்கப்பட்டன. ஒரு படியின் கோலம் மற்றொரு படியில் வராது. நீலம், பச்சை, மஞ்சள் என்ற அந்த மூன்று நிறங்களையும் படிகளில் பார்த்துவிட்டுச் சாடியைப் பார்த்தால், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது சொல்லாமலே விளங்கும்.

அங்குள்ள பட்டறை ஒன்றில் ஒரு தலை உருவாவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதியவர் திரிகையில் குடம் போன்ற உருவத்தை எழுப்பி, அது தோல் போல இறுகும்வரை ஈரத்துணி மூடி வைத்தார். பிறகு உள்ளே இடக்கையை விட்டுக் கன்னத்தை வெளிப்புறமாக மெல்லத் தள்ளினார்; வெளியே வலக்கைக் கட்டைவிரலால் கண்குழியை அழுத்தினார். காதைத் தனியாகப் பிடித்து, ஒட்டுமிடத்தைக் கீறி, களிமண் குழம்பு தடவிப் பொருத்தினார். கிரீடத்தின் முனைகள் தடிமனாக இருந்தால் உலரும்போதே வெடிக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துச் சுரண்டிக்கொண்டே இருந்தார். நாள்கணக்கில் நிழலில் உலர்த்திய பிறகு முதல் சூளை. அடுத்து வெள்ளீயம் கலந்த வெண்மெருகில் முக்கி எடுப்பார்கள்; அது காய்ந்ததும் மாவு பூசியதுபோல் இருக்கும். அந்த மாவின்மேல் கோபால்ட் நீலத்தையும் செம்புப் பச்சையையும் ஆன்டிமனி மஞ்சளையும் தூரிகையால் தீட்டுகையில், பட்ட கணத்திலேயே நிறம் உறிஞ்சப்படுவதால் தப்பான கோட்டை அழிக்க வழியில்லை. பிறகு 900 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இரண்டாம் சூளை. புருவத்தை ஒரே இழுப்பில் தீட்டியபோது அந்த முதியவர் மூச்சை அடக்கியிருந்தார். நானும் அடக்கிக்கொண்டேன்.

இனி அந்தப் பச்சை மொட்டு. தாங்கள் அதைப் 'பைன் காய்' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். பைன் காய், அதாவது 'பீன்யா', சிசிலியில் மாடத் தூண்களிலும் வாயில் தூண்களிலும் நிற்பது. செதில்மேல் செதிலாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செதிலுக்குள்ளும் விதை இருப்பதால் வளத்துக்கும் நற்பேற்றுக்கும் அடையாளமாகப் புதுமனைக்கும் திருமணத்துக்கும் அதைப் பரிசளிப்பார்கள். உரோமர் காலத்து வெண்கலப் பைன் காய் ஒன்று ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தில் வத்திக்கானின் முற்றத்தில் இன்றும் நிற்கிறது. தங்கள் படத்தில் இருந்ததிலோ செதிலே இல்லை; வழவழப்பான மொட்டை அடியிலிருந்து இலைகள் அணைத்திருந்தன. அது 'பூமோ'. கனியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். தெற்கு இத்தாலியின் பூலியா மாநிலத்தில், தாரந்தோவுக்கு அருகிலுள்ள க்ரொத்தாலியே என்ற ஊரின் குயவர்கள் செய்வது. அங்கே பழைய பட்டறைகள் பல, பள்ளத்தாக்கின் பாறையைக் குடைந்த குகைகளுக்குள் இருக்கின்றன. இனி விரிய வேண்டிய மொட்டு என்பதால் அதுவும் நல்வாழ்வின் குறியே. ஆனால் பூமோவைப் பீன்யா என்பது க்ரொத்தாலியேக் குயவரின் உழைப்பைக் கடல் கடந்த சிசிலிக்காரர் பெயரில் எழுதுவதாகும்.

கட்டடங்களைச் சிறிதாக்கி வீட்டில் வைப்பதை மலிவான சுற்றுலா வழக்கம் என்று கட்டுரை ஓரிடத்தில் தள்ளிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் கல்விப் பயணமாக இத்தாலிக்கு வந்தபோது, உரோமில் அந்தோனியோ கீகி போன்ற கைவினைஞர்கள் தக்கையால் பழங்கட்டடங்களின் சிற்றுருக்களைச் செய்து விற்றார்கள். தக்கையின் இயற்கையான துளைகளும் சொரசொரப்பும் காலம் அரித்த கல்லை அப்படியே நினைவூட்டும். கீகியின் படைப்புகள் ஜெர்மனியின் காசெல் நகரில் இன்றும் காக்கப்படுகின்றன. கல்லுக்குத் தக்கையைத் தேர்ந்த அந்தக் கண்தான் நல்ல சிற்றுருவுக்கும் வெறும் வார்ப்புக்கும் உள்ள வேறுபாடு.

பிசா கோபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1173-இல் தொடங்கிய கட்டுமானம் மூன்றாம் மாடியை எட்டும்போது, மென்மையான மண்ணில் அடித்தளம் அமிழ்ந்து கோபுரம் சாயத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் வேலை நின்றது. பிறகு வந்தவர்கள் சாய்வைச் சரிக்கட்ட, மேல்மாடிகளின் ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்திக் கட்டினார்கள். அதனால் அந்தக் கோபுரம் சாய்ந்து மட்டும் இல்லை, மெல்ல வளைந்தும் இருக்கிறது. 1990-இல் மூடப்பட்டு, வடபுற அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றி, 2001-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, ஐந்தரைப் பாகை அளவில் இருந்த சாய்வு ஏறத்தாழ நான்காகக் குறைந்திருந்தது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான செயற்கைப் பிசின் சிற்றுருக்களோ நேரான உருளையை இருமடங்கு சாய்த்து ஒட்டியவை. அந்த மெல்லிய வளைவைக் காட்டும் சிற்றுருவை இதுவரை இரண்டே முறை பார்த்திருக்கிறேன். இரண்டும் அலபாஸ்டர் கல்லில் செதுக்கியவை. அந்தக் கல்லை உரோமருக்கு முந்தைய எத்ருஸ்கர் காலம் முதலே செதுக்கிவரும் வொல்தெர்ரா, பிசா இருக்கும் அதே தொஸ்கானா மாநிலத்தில்தான் இருக்கிறது.

பூலியா மாநிலத்து அல்பெரோபெல்லோ ஊரின் 'த்ருல்லி' வீடுகளுக்கும் இதே நிலைதான். 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அவை, சாந்தே இல்லாமல் சுண்ணாம்புக் கற்களை வட்டவட்டமாக அடுக்கி எழுப்பிய கூம்புக் கூரைகள் கொண்டவை. அவ்வூரில் உண்மையான கல்துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் செய்யும் சிற்றுருக்கள் கிடைக்கின்றன. கல்வரிசைகளைக் கோடுகளாக மட்டும் கீறிய வார்ப்புகளும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. முன்னதைக் கையில் எடுத்தால் கனத்திலேயே தெரியும்.

வாசகர்கள் ஏமாறாமல் இருக்க, கடைக்காரன் என்ற முறையில் சில அடையாளங்களைச் சொல்கிறேன். வார்ப்புப் பொருளின் காதோரமாக மேலிருந்து கீழே மெல்லிய தையல்கோடு ஓடும். அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவுக் குமிழித் துளைகள் இருக்கும். சுண்டினால் மந்தமான ஒலி வரும். சூளையில் வெந்த மண் கணீரென்று ஒலிக்கும். பளிங்குத்தூள் அல்லது அலபாஸ்டர்தூள் கலந்த பிசினை 'பளிங்கு' என்றே விற்பவர்கள் உண்டு. 'தூள்' என்ற சொல் சீட்டில் எங்காவது சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். பிசின் பொருள் வாங்குவது குற்றமன்று. ஆனால் பிசினுக்குப் பிசின் விலையே கொடுக்க வேண்டும்.

சட்டமும் இதில் அக்கறை காட்டுகிறது. கலைநயமுள்ள மரபுசார் மட்பாண்டங்களைக் காக்க இத்தாலி 1990-இல் 188-ஆம் எண் சட்டத்தை இயற்றி, மரபுள்ள ஊர்களின் பொருள்களுக்குத் தரவிதியும் முத்திரையும் வகுக்க வழிசெய்தது. முத்திரை பெறுவது கைவினைஞரின் விருப்பம் என்பதால், அது இல்லாத பொருளெல்லாம் போலி ஆகிவிடாது. உணவுக்கும் மதுவுக்கும் இருந்த புவிசார் குறியீட்டைக் கைவினைப் பொருள்களுக்கும் விரிவாக்கும் ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி 2023-இல் நிறைவேறி, 2025 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் சாடியை 'இத்தாலியப் பொருள்' என்று மட்டும் அறிந்து கடைக்கு வருபவர், அது எந்த ஊர்ச் சாடி என்று கேட்கமாட்டார். அவர் கேட்காதவரை முத்திரையால் அந்தக் குயவருக்கு வரும் பயன் சொற்பமே.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. இத்தகைய படங்களை அடுத்த முறை வெளியிடும்போது, ஒவ்வொன்றின் கீழும் ஊரின் பெயரையும், எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதையும் தயவுசெய்து அச்சிடுங்கள். 'மூர் தலைச்சாடி, கல்தஜிரோனே, மெருகிட்ட சுடுமண்' என்று ஒரே வரி போதும். அத்துடன், 'அடிமையின் தலை' என்ற குறிப்பையும் 'பைன் காய்' என்ற குறிப்பையும் திருத்தி, வரும் ஞாயிறு இணைப்பிலேயே ஒரு சிறு அறிவிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பலெர்மோ, சிசிலி