குண்டர் சட்டம் தண்டனைச் சட்டம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சங்கிலிப் பறிப்பு வழக்கில் பிடிபட்ட இளைஞர் ஒருவருக்கு ‘குண்டர் சட்டத்தில் ஓராண்டு சிறைத் தண்டனை’ என்று கடந்த வாரம் நம் நாளிதழில் செய்தி வந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன் என்பதால், அந்தத் ‘தண்டனை’ என்ற சொல்லைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14, நடந்த குற்றத்துக்குத் தண்டனை தருவதில்லை. இனிமேல் பொது ஒழுங்குக்குக் குந்தகம் வரும் என்று மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கருதினால், ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்க அது அதிகாரம் தருகிறது. அந்த ஆணைக்கு 12 நாட்களுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். பிறகு அது, காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்கப்படும். அங்கே நீதிமன்றத்தைப் போலக் குறுக்கு விசாரணை கிடையாது, காவலில் இருப்பவருக்காக வழக்கறிஞர் வாதாடவும் முடியாது. ‘குண்டர் சட்டத்தில் கைது’ என்பதுகூடப் பெரும்பாலும் சரியில்லை. ஆள் ஏற்கெனவே ரிமாண்டில் சிறையில்தான் இருப்பார். ஜாமீனில் வெளியே வந்துவிடுவார் என்பதையே காரணமாகச் சொல்லி, ஆணையைச் சிறைக்குள் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள்.

குற்றத்தின் கனத்தை எடைபோடும் வேலை இந்தச் சட்டத்துக்கு இல்லை என்பதற்கு, யார் யாரைக் காவலில் வைக்கலாம் என்ற அதன் பட்டியலே சான்று. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போர் என்று தொடங்கிய அதில் பின்னர் வனக் குற்றவாளிகளும், மணல் கடத்துவோரும், திருட்டு வீடியோ விற்போரும், 2014-இல் இணையவழிக் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டனர். அத்தனை பேருக்கும் உச்சவரம்பு 12 மாதங்கள்தான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலோ பறிப்புக்கு மூன்றாண்டு வரை சிறை, கொலைக்கு ஆயுள் அல்லது தூக்கு என்று படிநிலை உண்டு. மாநிலச் சட்டத்திலும் உண்மையான தண்டனை இல்லாமலில்லை: கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பின் 2024-இல் திருத்தப்பட்ட மதுவிலக்குச் சட்டம், கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள்வரை கடுங்காவலும் 10 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்கிறது. ஆனால் அதற்கு நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

தடுப்புக் காவல் ஆணைகள் உயர் நீதிமன்றத்தில் எப்படி ரத்தாகின்றன என்பதையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆணையோடு தரப்படும் ஆவணக் கட்டில் எந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் படிக்க முடியாமல் கறுத்துக் கிடக்கிறது, எந்த ஆங்கில ஜாமீன் உத்தரவுக்குத் தமிழாக்கம் வைக்கவில்லை என்று தேடி, பக்க எண்ணைக் குறித்துக் கொடுப்பது என் வேலை. காவலில் இருப்பவரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனுவில் அந்த ஒரு பக்கமே போதுமானதாக இருந்த நாட்கள் உண்டு. குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

எங்கள் தெருவில் ஐந்து பவுன் தாலிச் சங்கிலியைப் பறிகொடுத்த ஓர் அம்மா, பறித்தவன் மீது ‘குண்டாஸ் போட்டாச்சு’ என்று பத்திரிகையில் பார்த்துவிட்டு வழக்கு முடிந்தது என்றே நினைத்திருந்தார். எட்டு மாதம் கழித்து அவனைப் பேருந்து நிலையத்தில் கண்டு பதறி, “தண்டனை கொடுத்த ஆளை எப்படி சார் விட்டாங்க?” என்று என்னிடம் கேட்டார். மூல வழக்கில் அவருடைய சாட்சியம்கூட அப்போது பதிவாகியிருக்கவில்லை.

ஆகவே இத்தகைய செய்திகளில் ‘தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்’ என்று எழுதுவதோடு, மூல வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கேட்டு ஒரு வரி சேர்க்குமாறு தங்கள் நிருபர்களிடம் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
பாளையங்கோட்டை.