கடல் விசிறியின் சொந்தம் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடியில் 32 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற கோடையில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே கடற்கரையில், தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) சுற்றிக்கொண்டு ஒரு இளஞ்சிவப்புக் கடல் விசிறி ஒதுங்கிக் கிடந்தது. விசிறி போல் கிளைவிடும் பவள வகை உயிர் அது. ஒரு சாண் உயரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும் உயிர், இருபது வயதாவது இருந்திருக்கும். கையில் எடுத்ததும் மனம் கனத்துவிட்டது.

ஆபத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலகச் செம்பட்டியலில் அழிய வாய்ப்புள்ள இனம் அது. அதன் வாழிடமான, தென் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 2008இல் சுமார் 206 சதுர கி.மீ. பரப்பில் இழுவை மடி வலைக்கும், சிப்பி வாரும் இரும்புச் சட்டகத்துக்கும் தடை போட்டார்கள். ஆனால், ஓரிடத்தைக் காத்தால் போதுமா? அங்கு முளைக்கும் குஞ்சுகள் கடலடியின் எந்தப் பாறைத் திட்டிலிருந்து மிதந்து வருகின்றன? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வழக்கமாகப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் எட்டு உணர்கொம்புள்ள இந்தப் பவளங்களில் மிக மெதுவாகவே மாறும். அதை வைத்து ஒரு கூட்டத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க இயலாது. அதனால் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர், டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும், உயிருக்கு உயிர் எண்ணிக்கை மாறும் குறுந்தொடர்களைத் தேடி, 2013இல் 14 மரபணு அடையாளங்களை வெளியிட்டார்கள். அவற்றைக் கொண்டு பார்த்தபோது, அயர்லாந்து, போர்ச்சுகல் கடல்களில் உள்ளவை இங்கிலாந்தில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டு நின்றன. ஓரிடத்தில் அழிந்தால் தொலைவிலிருந்து வந்து நிரம்பிவிடும் என்று இருந்துவிட முடியாது.

மன்னார் வளைகுடாவின் கடல் விசிறிகளும் வேறு இனங்கள்தாம்; அங்கே உருவாக்கிய மரபணு அடையாளங்கள் பெரும்பாலும் இவற்றுக்குப் பொருந்தா. நாமே தேடியாக வேண்டும். என் இளவயதில் இவற்றைக் கரையில் காயவைத்துக் கட்டுக்கட்டாக ஏற்றுமதிக்கு அனுப்பினார்கள். 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளன. இன்று நண்டு வலையில் சிக்கி வருவதை, வழக்குக்கு அஞ்சி அவசரமாகக் கடலில் எறிகிறார்கள் மீனவர்கள். எறியும் முன் நகக்கண் அளவு நுனியைக் கிள்ளிச் கெடாமல் காக்கும் சாராயம் (எத்தனால்) உள்ள குப்பியில் போட்டாலே ஆய்வுக்குப் போதும். அதற்கு வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும், குப்பிகளை வாங்கிக்கொள்ள ஓர் ஆய்வுக்கூடமும் வேண்டும். என் பழைய மாணவர்கள் சிலர் திரேஸ்புரத்தில் படகு வைத்திருக்கிறார்கள். கேட்டுவிட்டேன், தயார் என்கிறார்கள்.

ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தூத்துக்குடி