பாம்புக்கடி ஆராய்ச்சிக்குப் பணம் வீணா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். "விஷமுறிவு மருந்துதான் இருக்கிறதே, இனி ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டுவது வீண்" என்று சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி. விவரம் தெரிந்த தாங்கள் இதை எப்படி அச்சேற விட்டீர்கள் என்று மனம் ஆறவில்லை.

குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுப்பது 1890களின் முறை. அடிப்படையில் இன்றும் அதுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு பாம்புகளுக்கு மட்டுமே நம் நாட்டு மருந்து வேலை செய்யும். மலைத்தோட்டங்களில் கடிக்கும் குழிவிரியனுக்குக் கேட்காது. மருந்து தயாரிக்க விஷம் பெரும்பாலும் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடித்து விஷம் எடுக்கும் இருளர் சங்கத்திலிருந்தே போகிறது. ஊருக்கு ஊர் விஷம் மாறுவதால், ராஜஸ்தான் சுருட்டை விரியன் கடித்தவருக்குக் குப்பி குப்பியாக ஏற்றினாலும் ரத்தம் உறைவதில்லை.

கண்ணாடி விரியன் ஒரு கடியில் இறக்குவது சராசரி 63 மி.கி. விஷம். ஒரு மி.லி. மருந்து முறிப்பது 0.6 மி.கி. பத்து மி.லி. குப்பி பத்து போட்டால்தான் ஏறக்குறைய ஈடாகும். அத்தனை குதிரைப் புரதம் உடம்பில் ஏறினால் ஒவ்வாமை வரும், அதை அடக்கத் தசையில் 0.5 மி.கி. அட்ரினலின் ஊசி போடத் தயாராக நிற்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் பல இடங்களில் முதல் டோஸ்கூடப் போடாமல் 108இல் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். வழியிலேயே சிறுநீரகம் போய்விடுகிறது. தூய்மையான மருந்து வேண்டும் என்று கேட்பது வீண் செலவா?

பரிசோதனையும் அப்படித்தான். 2 மி.லி. ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்க்கிறோம். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று கணக்கு. பிளாஸ்டிக் குழாயானாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயானாலோ, நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். கடித்தது எந்தப் பாம்பு என்று உடனே காட்டும் கருவி நம் வார்டுகளில் இல்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். லாபம் இல்லையென்று சனோஃபி மருந்து நிறுவனம் ஆப்பிரிக்காவுக்கான விஷமுறிவு மருந்துத் தயாரிப்பையே நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் உறுதியாகச் சேர்த்ததே 2017இல். மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை பாம்புக்கடி ஆராய்ச்சிக்கு 8 கோடி பவுண்டு ஒதுக்கியது 2019இல். இப்போதுதான் வரத் தொடங்கிய பணம் அது.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்தக் கட்டுரையோடு வந்த, கடிவாய்க்கு மேல் கயிறு கட்டும் படத்தையும் இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். கட்டக் கூடாது என்று எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ வாசகர், செங்கல்பட்டு